சேத்துப்பட்டு ஆய்வின் மறுபாதி

1959ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில், சென்னையிலிருந்து போன ஓர் அறிக்கை ஏறக்குறைய நூறு பக்கங்களுக்கு வெளியாயிற்று. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை மையம் எழுதியது அது. நுரையீரல் காசநோய் கண்ட 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துதான், ஓராண்டுக்கு. ஆண்டு முடிவில் சளியில் கிருமி அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அந்தச் சிறு இடைவெளியும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இல்லாமல் போயிற்று. காசநோய் என்றால் கட்டில், மலைக்காற்று, நெடுநாள் படுக்கை என்று நூறாண்டாக நிலைபெற்றிருந்த நம்பிக்கையை இந்த ஓர் அறிக்கை ஆட்டிவைத்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அரசுகள் அந்த அறிக்கையில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டன என்பது என் வாதம். கட்டில் தேவையில்லை என்ற பாதி கொள்கையாயிற்று. வீட்டிலிருந்தவருக்கு என்னவெல்லாம் செய்து கொடுத்ததால் கட்டில் தேவைப்படவில்லை என்ற மறுபாதி ஏட்டிலேயே நின்றுவிட்டது. அதன் சுமையை நோயாளியும் அவர் வீட்டுப் பெண்களும் சுமந்தார்கள்.

சானடோரியம் எப்படிப்பட்ட இடம் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்காமல் அதைக் கைவிட்டதன் பொருள் விளங்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் தொடங்கிவைத்த முறை அது. தூய காற்று, கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு, மருத்துவரின் கண்காணிப்பில் ஓய்வு, அளந்து கொடுத்த நடை. இந்தியாவில் 1906இல் அஜ்மீர் அருகே திலோனியாவில் முதல் சானடோரியம் வந்தது. அடுத்து அல்மோரா, 1915இல் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம். சென்னைக்குத் தாம்பரம். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்திவந்த டாக்டர் சௌரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் அதைத் திறந்தார். 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. திறந்த வராந்தாவில் வரிசையாகக் கட்டில்கள், தலைமாட்டில் காய்ச்சல் அட்டை, கைக்கெட்டும் தூரத்தில் மூடியிட்ட சளிக்கிண்ணம். எடை கூடினால் நல்ல செய்தி, சாயங்காலக் காய்ச்சல் ஏறினால் கெட்ட செய்தி. மருந்து இல்லாத காலத்தில் மருத்துவரின் கையில் இருந்தது ஊசிதான்: விலாவுக்கிடையே குத்திக் காற்றைச் செலுத்தி, புண்பட்ட நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் விலா எலும்புகளையே வெட்டி எடுத்து மார்புக்கூட்டை ஒடுக்குவார்கள். பிழைத்தவர்கள் உண்டு. எவ்வளவு பேர் சிகிச்சையால் பிழைத்தார்கள், எவ்வளவு பேர் சிகிச்சை இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள் என்பதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டில்கள் எத்தனை பேருக்குக் கிடைத்தன? 1946இல் வெளிவந்த, போர் (Bhore) என்பவரின் பெயர் கொண்ட சுகாதாரக் குழுவின் அறிக்கை அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 25 லட்சம் நோயாளிகள் இருக்கலாம், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் சாகிறார்கள் என்று கணித்தது. காசநோய்க்கென இருந்த படுக்கைகளோ சுமார் 6,000. ஆகவே நோயாளிகளில் பெரும்பகுதியினர் என்றைக்கும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுக்குச் சிகிச்சை என்று எதுவும் இல்லை என்பதுதான் விஷயம். வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் யோசனையும் சேத்துப்பட்டில் பிறந்ததன்று. 1887லேயே எடின்பரோவில் ராபர்ட் பிலிப் காசநோய்க்கென மருந்தகம் திறந்து, அங்கிருந்து வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பினார். டில்லியிலும் 1940களில் அமைப்பு ரீதியாக வீட்டுச் சிகிச்சை நடந்தது. ஆனால் அவையெல்லாம் கட்டில் கிடைக்காதவருக்கு வேறு வழியில்லாமல் செய்யப்பட்ட ஏற்பாடுகளாகவே பார்க்கப்பட்டன. காசநோய் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோமைசின் 1944இல் வந்தது, பி.ஏ.எஸ். அதை ஒட்டி வந்தது, 1952இல் ஐசோனயசிட் வந்தது. கடைசியாக வந்தது மலிவு, வாயில் போட்டு விழுங்கக்கூடியது, வீரியம் மிக்கது. மாத்திரையே கிருமியைக் கொல்லுமானால் அதை வராந்தாக் கட்டிலில் படுத்துத்தான் விழுங்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதுதான் கேட்கத்தக்கதாயிற்று.

அதைக் கேட்பதற்காகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டு மையத்தை நிறுவின. முதல் ஐந்தாண்டுகள் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை தாங்கினார். தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். அதைத்தான் ஆய்வாளர்கள் வேண்டினார்கள்: மிக மோசமான வீட்டுச் சூழலிலும் இது பலிக்குமானால் எங்கும் பலிக்கும். சானடோரியத்திலிருந்தவர்களுக்குப் பால், முட்டை, இறைச்சியோடு சாப்பாடு. வீட்டிலிருந்தவர்களின் உணவில் கலோரியும் புரதமும் தெளிவாகக் குறைவு. சானடோரியத்தில் ஓய்வு அதிகம். வீட்டிலிருந்தவர்கள் எழுந்து நடந்து வேலை செய்தார்கள். சானடோரியத்துக்காரர்களின் எடை கூடுதலாக ஏறியது. இத்தனை வேறுபாடு இருந்தும் கிருமி இரு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் அடங்கியது. குடும்பத்துக்குத் தொற்றிவிடுமே என்ற அச்சத்தையும் தனியே சோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு ஒரே அறையில் வாழ்ந்த குடும்பத்தாருக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரவல் குறைந்துவிடுகிறது. எனக்கு இந்த ஆய்வுத் தொடரிலேயே மனிதாபிமானம் மிக்க கண்டுபிடிப்பாகப் படுவது இதுதான். தாயைப் பிள்ளைகளிடமிருந்து ஓராண்டு பிரித்துவைக்க மருத்துவக் காரணம் இல்லை என்று எண்களைக் கொண்டே நிறுவியது அது.

இனி மறுபாதி. வீட்டில் விடப்பட்டவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். எல்லாரும் மையத்திலிருந்து சில மைல் தூரத்துக்குள் குடியிருந்தவர்கள். தேர்வுக்கு அது ஒரு நிபந்தனை. மருந்து வாங்க அடிக்கடி மையத்துக்கு வந்தாக வேண்டும். வராதவரைத் தேடி ஆள் போகும். மையத்தின் சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வருவார்கள், மீதமுள்ள மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.ஏ.எஸ். சாப்பிடுவது லேசான காரியமல்ல. நாளொன்றுக்கு 10 கிராம் வரை. கசப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு. இருமலும் காய்ச்சலும் நின்ற மூன்றாம் மாதத்தில் ஒரு கூலித் தொழிலாளி அதைத் தொடர்ந்து விழுங்க வேண்டுமானால் யாராவது வந்து பேச வேண்டும், குமட்டலைக் கேட்டுக்கொள்ள வேண்டும், குடும்பத்துக்கு விளங்கவைக்க வேண்டும். மாதந்தோறும் சளிப் பரிசோதனை, எக்ஸ்-ரே, அதற்கென ஆய்வுக்கூடம், அதற்கென நுண்ணுயிரியலர். இவ்வளவையும் சேர்த்துத்தான் ‘வீட்டுச் சிகிச்சை’ என்று அந்த அறிக்கை குறித்தது. ஃபாக்ஸே இதை வலியுறுத்தியவர். மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி நோயாளியிடம் விட்டால் விட்டுப்போவது இயல்பு, படித்தவரும் பணக்காரரும் அப்படித்தான், ஆகவே அமைப்பு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை 1958லேயே எழுதினார். கட்டிலின் இடத்தில் ஒரு பெரிய தொடர் கவனிப்பு வந்தமர்ந்ததால்தான் கட்டில் வேண்டாததாயிற்று.

கொள்கை வகுத்தவர்களுக்கு நல்ல ஆராய்ச்சிக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 1959இல் பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான ஹால்ஃப்டன் மாலர் அங்கே பணியாற்றியவர். அங்கிருந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் அழியாத இடம் பெற வேண்டியது. கிராமத்தானுக்கு நோயைப் பற்றிய விழிப்புணர்வு இல்லை என்பதே அதுவரை எல்லாரும் சொன்ன சாக்கு. இவர்கள் கிருமி உறுதிசெய்யப்பட்டவர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் உடலில் ஏதோ கோளாறு என்று தெரிந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே அரசு மருத்துவமனைப் படியேறியிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு புட்டி இருமல் மருந்து. குறை நோயாளியின் அறியாமையில் இல்லை, அவர் தேடிப்போன இடத்தில் இருந்தது. இதே புரிதலில்தான் 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம், தனிச் சானடோரியங்களை விட்டுப் பொது மருத்துவமனைகளிலேயே சளியைச் சோதித்து மருந்து கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. வடிவம் சரி. உள்ளே வைக்க வேண்டியதை வைக்கவில்லை. சேத்துப்பட்டில் அடிக்கடி நடந்த சந்திப்பு மாவட்டங்களில் மாதம் ஒருமுறை மருந்து வாங்கிப் போவதாயிற்று. வராதவரைத் தேடிப்போகும் பணியாளரின் இடத்தை அநேகமாக ஒரு நினைவூட்டுக் கடிதம் எடுத்துக்கொண்டது. எழுத்தறியாத வீட்டுக்கு அஞ்சலட்டை வந்து என்ன பயன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி கேட்டதோடு சரி. அறுபதுகளின் பிற்பகுதியில் குடும்பக் கட்டுப்பாடு கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர் நேரத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டதும் சேர்ந்துகொண்டது. திட்டம் முப்பதாண்டு நடந்தபின் 1992இல் நடத்திய மதிப்பாய்வில், சிகிச்சை தொடங்கியவர்களில் அதை முழுமையாக முடித்தவர்கள் பாதிகூட இல்லை என்று தெரியவந்தது.

இப்படி விட்டுப்போன கவனிப்பு மறைந்துவிடவில்லை; நோயாளியின், வீட்டாரின் வேலையாக மாறியது. நெடுநாள் நோயோடு வாழ்வதைப் பற்றிய சமூகவியல் ஆய்வு தலையெடுத்ததே கிட்டத்தட்ட அந்தத் திட்டம் தொடங்கிய ஆண்டுகளில்தான். அதன் முன்னோடி நூல்களில் ஒன்று காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. தானே காசநோயாளியாகப் படுத்திருந்த அமெரிக்கச் சமூகவியலர் ஜூலியஸ் ராத், எப்போது எழுந்து நடக்கலாம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதை நோயாளிகள் ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, மருத்துவரோடு பேரம் பேசி, தங்களுக்கென ஒரு கால அட்டவணையை உண்டாக்கிக்கொள்வதை 1963இல் எழுதினார். 1980களில் ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் வீட்டிலிருந்து நெடுநாள் நோயைச் சமாளிப்பவர்களைப் பின்தொடர்ந்தார்கள். நோயைக் கவனிப்பது ஒரு வேலை, அன்றாட வீட்டை நடத்துவது இன்னொரு வேலை, குலைந்துபோன வாழ்க்கையை மறுபடி கோத்துக்கொள்வது மூன்றாவது வேலை. மூன்றும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று காட்டினார்கள். அவர்கள் வேலை என்று சொன்னது உவமையாக அல்ல. நேரம் பிடிக்கிறது, உடம்பை வருத்துகிறது, பிறிதொன்றைக் கைவிட வைக்கிறது. சென்னையில் அதற்கு எண் கிடைத்தது, அதுவும் சேத்துப்பட்டிலிருந்தே. அந்த மையம் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் மாறியிருந்த காலத்தில், 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி ஒரு நோயாளி இழந்த வேலை நாட்கள் சராசரியாக 83. செலவும் இழந்த கூலியுமாகக் குடும்பத்துக்கு ஆனது ஏறக்குறைய 6,000 ரூபாய். பெற்றோருக்கு நோய் வந்ததால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் 11 சதவீதம். வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள் மேலும் 8 சதவீதம். மருந்து இலவசமாகக் கொடுக்கப்பட்ட நாட்டில் இது நடந்தது. கட்டிலை எடுத்துவிட்டதில் அரசுக்கு மிச்சமானது எங்கே செலவாயிற்று என்பதற்கு அந்த 11 சதவீதம் ஒரு விடை.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது. அன்றைய இந்தியாவுக்கு வேறு வழி இருந்ததா? லட்சக்கணக்கான நோயாளிகள், சில ஆயிரம் படுக்கைகள். சேத்துப்பட்டில் செய்ததை ஒவ்வொரு தாலுகாவிலும் செய்ய ஆளும் பணமும் ஏது? அரைகுறையாகவேனும் லட்சம் பேருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது, செம்மையாக நூறு பேருக்குப் போவதைவிட மேல் அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. வீட்டுச் சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நாட்டில் காசநோய்ச் சிகிச்சையே இருந்திருக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காசநோய் மருந்தைப் பொறுத்தவரை அரைகுறை என்பது பாதிப் பயன் என்று பொருளாகாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறுகிறது. இதை 1950களின் ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள்; ஒரு மருந்தை மட்டும் தராமல் இரண்டைச் சேர்த்துத் தந்ததே அதற்காகத்தான். தொடர் கவனிப்புக்கான செலவைத் தவிர்த்ததன் விலையைப் பின்னால், பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோயாக, பன்மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது. மேலும், பணம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். ஆராய்ச்சியே இதைத்தான் சொல்கிறது என்று அறிவியலின் பெயரால் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சேத்துப்பட்டு ஆய்வே ஏழைகள் மீது நடத்தப்பட்ட சோதனை, ஏழைக்கு ஏழை வைத்தியம் போதும் என்று நிறுவ வந்தது, ஆகவே அதன் மறுபாதியைப் போற்றுவதிலும் அர்த்தமில்லை என்பவர்கள் உண்டு. பி.ஏ.எஸ். விலை அதிகம் என்பதால் ஐசோனயசிட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று அதே மையம் அடுத்து நடத்திய ஒப்பீட்டை இவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். கூசவைக்கும் கேள்விதான். ஆனாலும் அந்த ஒப்பீடு 1960இல் வெளியிட்ட முடிவு, ஒற்றை மருந்து இரட்டை மருந்துக்கு ஈடாகாது என்பதே. மலிவானது போதும் என்ற தீர்ப்பைத் தேடிப் போனவர்களாக இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். சானடோரியம் நல்லது, வீடு மட்டம் என்று எண்ணிக்கொண்டு வீட்டுப் பிரிவினரை இரங்கிப் பார்ப்பதிலும் ஒரு பிழை இருக்கிறது. ஓராண்டு கட்டிலில் கிடந்தால் கூலி போகும், மனைவியோ கணவனோ தனித்து நிற்பார், ஊருக்குள் நோய் பறையடித்ததுபோல் தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் உரிமையும் நோயாளிக்கு ஒரு நன்மைதான். பணக்கார நாடுகளும் அதே ஆண்டுகளில் சானடோரியங்களை மூடின என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே வீட்டுக்குப் போன நோயாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பும் வருகைச் செவிலியரும் கூடவே போயின. வேறுபாடு அங்கேதான்.

உணவைப் பற்றிய முடிவுக்கு நேர்ந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும் குணமானார்கள் என்பதை 1961இல் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் எல்லை தெளிவானது: வீரியமான மருந்து ஒழுங்காகப் போனால், ஊட்டம் குறைந்திருந்தாலும் சளியிலிருந்து கிருமி போய்விடும். அது கொள்கை உலகுக்கு வந்து சேர்ந்தபோது, காசநோய்க்குச் சோறு ஒரு பொருட்டல்ல என்று சுருங்கியிருந்தது. எடை ஏறாததைப் பற்றி, மறுபடி வேலைக்குப் போகும் வலுவைப் பற்றி, அதே அரைப்பட்டினியில் இருக்கும் வீட்டாருக்கு நோய் வருமா என்பதைப் பற்றி அந்தக் கட்டுரை தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அதைக் கேட்க அந்த ஆய்வு வடிவமைக்கப்படவும் இல்லை. கேட்டுப் பார்க்க அறுபதாண்டு ஆயிற்று. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில், நோயில்லாத 10,345 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பை தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் தந்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது; பிறருக்குத் தொற்றும் வகை நோய் 48 சதவீதம் குறைந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்திருந்தால் கொண்டாடியிருப்போம். இந்த ஆய்வில் பங்கேற்றவற்றுள் சேத்துப்பட்டு நிறுவனமும் ஒன்று. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாயும் 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயும் ஊட்டத்துக்கென மத்திய அரசு தருகிறது. வீட்டார் இன்னும் அந்தக் கணக்கில் முழுதாக வரவில்லை.

கவனிப்பு என்ற மறுபாதியிலிருந்து கொள்கை உலகம் எடுத்துக்கொண்ட ஒன்று உண்டு: கண்காணிப்பு. வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுத்தால் தினசரி மருந்துக்கு ஈடாகுமா என்று சேத்துப்பட்டில் சோதித்து, ஆகும் என்று 1964இல் அறிவித்தார்கள். நேரடிக் கண்காணிப்பில் மருந்து என்று தொண்ணூறுகளில் உலகெங்கும் பரவிய முறைக்கு வேர் அதில் இருக்கிறது. இந்தியாவில் 1997 முதல் அது விரிவாக்கப்பட்டு, குணமாவோர் எண்ணிக்கை மெய்யாகவே ஏறியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொள்வதும் தேடிப்போவதும் பேசுவதும் உதவுவதுமாகப் பல இழைகளால் ஆன ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும் உருவி எடுத்ததால், மருந்தை நிறுத்தியவர் குற்றவாளியாக ஏட்டில் ஏறினார். வேலைக்குப் போகும் நேரத்தில் மருந்தகம் திறந்திருப்பதால் வர முடியாதவர், வேறூருக்குக் கூலிக்குப் போனவர், குடும்பத்துக்குத் தெரியாமல் மறைக்க வேண்டியிருந்த புதுமணப்பெண், எல்லாரும் ஒரே பட்டியலில். இந்தியத் திட்டத்தில் இருந்த வாரம் மூன்று நாள் மருந்து முறையே நோயாளியின் உடலை முன்னிட்டு என்பதைவிடப் பார்ப்பவரின் வசதியை முன்னிட்டு நிலைத்தது. தினசரி மருந்துக்கு மாறும்படி 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

கட்டில் முற்றிலும் வேண்டாததா என்ற கேள்விக்கும் தமிழ்நாடு அண்மையில் ஒரு விடை தந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடிக்கப்பட்டவுடனே ஒவ்வொருவரையும் மூன்று வகையில் பார்க்கிறார்கள். உயரத்துக்குத் தகுந்த எடை இல்லாமல் மிகவும் மெலிந்திருக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எடை பார்க்கும் கருவியும் விரல்நுனியில் மாட்டும் சிறு கருவியும் இருந்தால் செவிலியரே செய்துவிடலாம். ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்த்து, ஊட்டமும் ஆக்சிஜனும் கொடுத்து, தேறியபின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களிலேயே நிகழ்வதால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. எல்லாருக்கும் கட்டில் தேவையில்லை என்று 1959 அறிக்கை சொன்னதை எவருக்கும் தேவையில்லை என்று படித்துவிட்டதைத் திருத்தும் வேலை இது. தாம்பரம் சானடோரியத்துக்கே 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் வரத் தொடங்கியபோது இந்த உண்மை ஒருமுறை தலைகாட்டியிருந்தது. வேறெங்கும் சேர்த்துக்கொள்ள மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பழைய கட்டில்கள்தான் இடம் கொடுத்தன.

ஆறு மாதத்தில் குணமாகும் காசநோயை இன்று நெடுநாள் நோய் என்று பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். குணமானபின்னும் வடுப்பட்ட நுரையீரலோடு மூச்சிரைப்பு தொடர்பவர்கள் ஏராளம் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் நாம் இன்று போடும் திட்டங்கள் எல்லாம் அதே அடித்தளத்தில் நிற்கின்றன என்பது: நோயாளி வீட்டில், மருந்து வீட்டுக்கு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சேத்துப்பட்டு வீட்டுச் சிகிச்சையிலிருந்து அரசுகள் விட்டுவிட்டதை, அதாவது வாசலுக்கு வரும் ஆளை, பெருமளவுக்கு மீட்டுத் தந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு 2024இல் அதற்கு விருது கொடுத்தது தகும். ஆனால் வாசலுக்கு வரும் அந்த ஆள் யார்? பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட தன்னார்வலர். நிரந்தரப் பணியாளர் அல்லர், ஊக்கத்தொகை வாங்குபவர். வாசலில் மாத்திரையை வாங்கி, காலைக்கும் இரவுக்கும் பிரித்து, உப்பில்லாமல் தனியாகச் சமைத்து, மாமியார் சாப்பிட்டாரா என்று பார்ப்பவர் வீட்டு மருமகள். அவருக்கு அந்த ஊக்கத்தொகையும் இல்லை. திட்டத்தை மதிப்பிட வரும் ஆய்வாளர்கள் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்று எண்ணுகிறார்கள். எண்ணட்டும். ஒரு தன்னார்வலரின் பொறுப்பில் எத்தனை வீடு, அவர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் நடக்கிறார், வீட்டில் கவனிப்பவர் இழந்த கூலி எவ்வளவு என்பவையும் அதே அட்டவணையில் வர வேண்டும். 1950களில் சென்னையின் நெரிசலான ஒற்றை அறைகளுக்குள் போய், நோயாளி என்ன சாப்பிட்டார், எவ்வளவு ஓய்வெடுத்தார் என்று எழுதிவைக்க முடிந்ததென்றால், இதை அளக்க முடியாது என்று இன்று யாரும் சொல்ல இடமில்லை.